படத்திலும் ஹக்கு உண்டு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நோன்பு நெருங்கும் காலத்தில் நம்மவர் கடைகளிலே பேரீச்சம்பழப் பெட்டிகள் வந்து இறங்குவதைப் போலவே, நம் கைத்தொலைபேசிகளிலே பலகாரப் படங்களும் வந்து இறங்கத் தொடங்கிவிடுகின்றன. அன்னாசி டார்ட், குவே மக்மூர், சூஜி கேக், கேக் லாப்பிஸ் என்று வாட்ஸாப்பிலே ஒன்று, ஃபேஸ்புக்கிலே ஒன்று, இன்ஸ்டாகிராமிலே ஒன்று. பார்க்கும்போதே நோன்பாளியின் நாவில் நீர் ஊறும். ஆனால் சகோதரர்களே, அப்படங்களில் எத்தனை, விற்கின்ற கடையிலேயே சுட்ட பலகாரத்தின் படங்கள்? எத்தனை, எங்கோ ஒரு வீட்டு அடுப்படியில் ஒரு பெண்மணி சுட்டு, அவரே எடுத்து, அவரைக் கேளாமலேயே நாம் தூக்கிக்கொண்டு வந்த படங்கள்? இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

நானும் ஒரு காலத்தில் இதைப் பெரிதாக நினைத்தவனல்லன். வட்டியைப் பற்றிப் பேசியிருக்கின்றேன். அளவு நிறுவையைப் பற்றிப் பேசியிருக்கின்றேன். பாக்கி வைத்துவிட்டுப் பாராமுகமாய்ப் போகிறவர்களைப் பற்றி, போதும் போதும் என்று நீங்கள் சொல்லுமளவுக்குப் பேசியிருக்கின்றேன். படத்தைப் பற்றிப் பேச வேண்டிய நாள் வருமென்று எண்ணியதில்லை. 2024-ஆம் ஆண்டு ரமலானில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின், ஒரு பெண்மணி என்னைக் காண வந்தார். அன்றுதான் எனக்குப் புத்தி வந்தது.

அவர் வீட்டிலே கேக் சுட்டு விற்பவர். கொரோனாக் காலத்தில் கணவரின் வேலை போனபோது தொடங்கிய தொழில். 2020-ஆம் ஆண்டை நீங்கள் எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். சிங்கப்பூரில் ஏப்ரல் 7 முதல் கடைகளும் அலுவலகங்களும் அடைபட்டன; பள்ளிவாசல்களோ அதற்கும் முன்பே மூடப்பட்டுவிட்டன. வீட்டிலிருந்து உணவு செய்து விற்பதும் அம்மாதத்திலேயே நிறுத்தப்பட்டு, மே 12 முதல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அப்பொழுது பெருநாளைக்குப் பன்னிரண்டே நாட்கள்! அந்தப் பன்னிரண்டு நாட்களில் இரவு பகலாகச் சுட்டுத்தான் தம் வீவக வீட்டு வாடகை பாக்கியைக் கட்டி முடித்ததாகச் சொன்னார்.

கேக் லாப்பிஸ் சுடுவது எத்தகைய வேலையென்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும். நம்மில் பலருக்குத் தின்னத்தான் தெரியும். மாவை ஒரு கரண்டி ஊற்றி, மேல் தீயில் வேகவைத்து, வெந்ததைப் பார்த்து, அதன்மேல் அடுத்த கரண்டியை ஊற்ற வேண்டும். இப்படி 18 அடுக்கு, 20 அடுக்கு. ஓர் அடுக்குக் கருகினால் எல்லாம் போயிற்று. அடுப்பை விட்டு நகர முடியாது. குழந்தை அழுதாலும் நகர முடியாது. அவ்வாறு சஹர் நேரம் வரை நின்று சுட்டு, விடிந்தபின் சன்னலோரத்து வெளிச்சத்துக்காகக் காத்திருந்து, அறுத்த துண்டின் அடுக்குகள் ஒவ்வொன்றும் எண்ணக்கூடியதாய்த் தெரியும்படி வைத்து, அந்தப் பெண்மணி ஒரு படம் எடுத்தார். மூலையில் தம் தொழிலின் பெயரைச் சிறியதாகப் பொறித்தார். அவருக்குக் கடை ஏது, பெயர்ப்பலகை ஏது? அந்தப் படம்தான் அவருக்குக் கடை வாசல்.

அந்தப் படம் நம்மவர் ஒருவரின் கடை விளம்பரத்தில் வந்துவிட்டது. மூலையிலிருந்த பெயரை மட்டும் வெட்டிவிட்டிருந்தார்கள். கடையில் விற்றதோ மொத்த வியாபாரியிடம் பெட்டி பெட்டியாக வாங்கிய கேக். அதை வாங்கிச் சென்ற ஓர் அம்மையார், படத்தை எங்கோ பார்த்த நினைவில் தேடிப்பிடித்து, இந்தப் பெண்மணியைத் தொலைபேசியில் அழைத்து, "பெருநாள் நேரத்தில் இப்படி வறட்டுக் கேக்கைக் கடைக்குப் போட்டுக் காசு பண்ணுகிறாயே!" என்று ஏசிவிட்டார். ஏசியதோடு நில்லாமல் நாலு பேரிடம் சொல்லியும் விட்டார். ஒரே வாரத்தில் பதினொரு ஆர்டர்கள் ரத்தாயின.

அந்தக் கடைக்கார முதலாளி நான் நன்கறிந்த மனிதர். ஐவேளைத் தொழுகையாளி, ஜகாத்தைக் காசு பிசகாமல் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர், ஆண்டுதோறும் நோன்புக் கஞ்சிக்கு அரிசி மூட்டைகள் அனுப்புபவர். இதை ஏன் சொல்லுகிறேனென்றால், இந்தக் காரியத்தைச் செய்பவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று எண்ணிக்கொண்டு, நீங்கள் நிம்மதியாக அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடக் கூடாது.

இருவரையும் பள்ளிவாசல் அலுவலக அறையில் உட்கார வைத்தேன். முதலாளி முகம் சுளித்து, "ஹஜ்ரத், நான் என்ன அந்தப் பிள்ளையின் கேக்கையா எடுத்தேன்? படம்தானே!" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அந்தப் பெண்மணி, "மாமா, கேக்கை எடுத்திருந்தால் இன்னொன்று சுட்டிருப்பேன். பெயரை எங்கே போய்ச் சுடுவேன்?" என்றார். எனக்குத் தெரிந்த ஹதீஸ் எல்லாம் அந்த ஒரு நொடியில் என் நாவை விட்டுப் போய்விட்டது.

பிறகு நினைவுக்கு வந்தது, உங்களில் பலரும் அறிந்த சம்பவம்தான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனத்துக் கடைத்தெருவில் நடந்து செல்கையில், ஒரு வியாபாரியின் தானியக் குவியலைக் கண்டார்கள். மேலே நன்றாகக் காய்ந்திருந்தது. திருக்கரத்தை உள்ளே விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. என்ன இது என்று வினவ, மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. அப்படியாயின் ஜனங்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவன் நம்மைச் சேர்ந்தவனல்லன் என்ற கருத்தைச் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள சம்பவம் இது.

சிந்தித்துப் பாருங்கள். அந்த வியாபாரி பொய் ஒன்றும் சொல்லவில்லை. நனையவேயில்லை என்று ஆணையிடவுமில்லை. மழையும் அவர் பெய்வித்ததன்று. மேற்பக்கத்தைக் காட்டினார், அவ்வளவுதான். அதற்கே இவ்வளவு கடுமையான எச்சரிக்கை! அவர் மேலே வைத்திருந்த நல்ல தானியமாவது அவருடைய சொந்தத் தானியம். நாம் செய்வது என்ன? பக்கத்துக் கடைக்காரியின் காய்ந்த தானியத்தை அவளைக் கேளாமல் அள்ளி வந்து, நம்முடைய நனைந்த தானியத்தின்மேல் பரப்புகின்றோம். வாங்க வந்தவருக்கும் மோசம். அள்ளக் கொடுத்தவளுக்கும் மோசம். அந்த மதீனத்து வியாபாரி நம்மைக் கண்டால், "நான் இவ்வளவு தூரம் போகவில்லையே" என்பார்.

கால்நடை விற்பவர்களுக்கும் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தடை விதித்தார்கள். விற்கப் போகும் ஆட்டையோ ஒட்டகையையோ சில நாட்கள் கறக்காமல் விட்டு, மடி பெருத்திருப்பதாகக் காட்டி விற்கலாகாது. அவ்வாறு ஏமாந்து வாங்கியவர் திருப்பிக் கொடுக்கவும் உரிமை உண்டு. பெருத்த மடி வாய் திறந்து பேசாது. கண்ணுக்குத்தான் பொய் சொல்லும். கண்ணுக்குச் சொன்ன பொய்யையும் நம் மார்க்கம் வியாபாரக் கணக்கில் சேர்த்துவிட்டது. தனக்குக் கிடைக்காத ஒன்றைக் கிடைத்ததாகக் காட்டிக்கொள்பவன் பொய்யாலான இரண்டு ஆடைகளை உடுத்தவனுக்கு ஒப்பாவான் என்ற கருத்திலும் ஒரு நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. பிறர் சுட்ட கேக்கைத் தன் கேக்காகக் காட்டும் கடைக்கு அந்த ஆடை எவ்வளவு பொருத்தமாய் அமைகின்றது!

கேக்கை ஆர்டர் செய்கிறவர் சரக்கைக் கண்ணால் காண்பதில்லை. படத்தைக் கண்டு, அதுபோல வரும் என்று நம்பித்தான் பணம் அனுப்புகிறார். ஆகவே அவருக்கும் நமக்கும் நடந்த வியாபார ஒப்பந்தத்தில் அந்தப் படமே சரக்கின் வர்ணனை. ஒருவருக்கொருவர் மனம் பொருந்திச் செய்யும் வியாபாரத்தின் வழியாகவன்றி ஒருவர் பொருளை மற்றவர் உண்ணலாகாது என்பது திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 29-ஆம் வசனத்தின் கருத்து. அவர் மனம் பொருந்தியது எந்தக் கேக்குக்கு? நாம் கொடுத்தது எந்தக் கேக்?

இனி, சாக்குகளுக்கு வருவோம். அந்த முதலாளி சொன்னவை மட்டுமல்ல, பிறகு பலரிடமும் கேட்டு நான் சேர்த்தவை.

"ஊரறிய இணையத்தில் போட்டுவிட்ட படம், யாரும் எடுக்கலாம்" என்பது ஒன்று. கடைத்தெருவில் கடை வைத்திருப்பவர் இப்படிப் பேசலாமா? நாமும் சரக்கை வாசலில் பரப்பித்தான் வைக்கிறோம். பார்ப்பதற்குப் பரப்பினோமா, எடுத்துப் போவதற்கா? "கூகிளில் கிடந்தது, யாருடையதென்று தெரியாது" என்பது இன்னொன்று. தெருவில் கண்டெடுத்த பணப்பையைக்கூட ஓராண்டு அறிவித்து உரியவரைத் தேட வேண்டுமென்பது மார்க்கச் சட்டம். படத்துக்கு உரியவரைத் தேட ஓராண்டு வேண்டாம். பெரும்பாலும் ஐந்து நிமிடம் போதும். இந்தச் சம்பவத்திலோ பெயரே படத்தின் மூலையில் இருந்தது. தெரியாமல் போயிருந்தால், வெட்டத் தெரிந்தது எப்படி?

சிலர் இப்போது கணினியையே கேக் படம் வரையச் சொல்லிப் போடுகிறார்கள். அதில் எந்தப் பெண்மணியின் படமும் எடுபடவில்லையே என்கிறார்கள். பெருத்த மடியின் கதையை அவர்களுக்குத் திரும்பவும் சொல்ல வேண்டியதுதான்.

நம் முன்னோர்கள் கைலி வியாபாரம் செய்தவர்கள். பழவேற்காட்டின் பெயரால் மலாய் மக்கள் இன்றும் 'காயின் பெலேக்காட்' என்றழைக்கும் அந்தக் கைலி, சென்னைக் கரையோரத்திலிருந்து கப்பலேறி இங்கு வந்தது. கைலியின் மூலையில் ஒட்டிய சீட்டுக்கு என்ன மதிப்பு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் சீட்டிலுள்ள படத்தைப் பார்த்தே வாங்குவார். ஒருவர் சீட்டை இன்னொருவர் ஒட்டிவிட்டால் என்ன நடக்கும்? "என் மார்க்கைத் திருடிவிட்டான்" என்று வக்கீலிடம் ஓடுவோம். நம் சீட்டை இன்னொருவன் எடுத்தால் திருட்டு. ஒரு விதவையின், ஒரு வேலையிழந்தவர் மனைவியின் சீட்டை நாம் எடுத்தால் "படம்தானே"! வாங்கும்போது நிறைத்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களுக்குக் கேடு என்று எச்சரித்துத்தான் திருக்குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம் தொடங்குகின்றது. அது தராசுக்கு மட்டும் சொன்னது என்று எண்ணுகிறீர்களா?

நாட்டுச் சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரின் 2021-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கின்றது. மலேசியாவில் 1987-ஆம் ஆண்டுச் சட்டம். இரு நாட்டிலும் படத்தின் உரிமைக்கு எங்கும் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை. எடுத்தவுடனேயே உரிமை பிறந்துவிடுகிறது. சிங்கப்பூரில் இப்போது கூலி கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னாலும், வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் உரிமை எடுத்தவருக்கே. இது நம் கடைக்காரர்கள் பலர் அறியாத செய்தி. கேக் சுடும் முறை எவருக்கும் தனிச் சொத்தன்று. லாப்பிஸ் யாரும் சுடலாம், யாரும் விற்கலாம். சுட்டதைப் படம் எடுத்தவருக்கே அந்தப் படம். "மார்க்கத்தில் இதற்கெல்லாம் இடமுண்டா?" என்று கேட்பவர்களுக்கு: 1988-ஆம் ஆண்டு குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியின் ஆலிம்கள், வியாபாரப் பெயர், வியாபாரக் குறி, ஆக்கியோன் உரிமை ஆகியவையெல்லாம் ஷரீஅத் பாதுகாக்கும் ஹக்குகளே, அவற்றில் கை வைக்கலாகாது என்று தீர்மானித்திருக்கிறார்கள்.

முதலாளி கடைசியாகச் சொன்ன சாக்கு: "நான் செய்யவில்லை ஹஜ்ரத். இந்த ஆன்லைன் வேலையெல்லாம் என் அக்காள் மகன் பார்க்கிறான்."

அவருக்கு இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் சரித்திரத்தைச் சொன்னேன். இமாமவர்கள் கூஃபா நகரில் துணி வியாபாரி, நம்மவர்தாம். ஒரு கூட்டாளியிடம் துணிகளைக் கொடுத்து, இந்த ஒரு துணியில் குறை இருக்கிறது, வாங்குகிறவரிடம் காட்டிவிட்டு விற்றுவிடு என்றார்கள். கூட்டாளி மறந்துவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்தச் சரக்கில் வந்த தொகை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஒரு துணியின் குறை. அதுவும் கூட்டாளியின் மறதி. போனதோ முழுத் தொகை. "கூட்டாளிதானே செய்தார்" என்று அவர்கள் சொல்லியிருக்கலாம். கல்லாப் பெட்டி யாருடையதோ, கணக்கும் அவருடையதே என்று எண்ணினார்கள் போலும்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உள்ளூர ஒரு கலக்கம். அவ்வாண்டு நம் சங்கத்தின் தர்ம உணவுச் சந்தைக்காக அச்சிட்ட துண்டறிக்கை அதே மேசையில் கிடந்தது. அதில் ஆவி பறக்கும் ஒரு பிரியாணிச் சட்டியின் படம். யாருடைய சட்டி? யார் எடுத்த படம்? இளைஞர்கள் கொண்டுவந்து காட்டினார்கள். "மாஷா அல்லாஹ், நன்றாயிருக்கிறது" என்று சொல்லி அனுப்பியது நானேதான். துண்டறிக்கையை மெல்லக் குப்புறத் திருப்பி வைத்தேன். முதலாளி அதைக் கவனித்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாதிருந்தது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

அவர் பையிலிருந்து 200 வெள்ளியை எடுத்து மேசைமீது வைத்து, "மகளே, இதை வைத்துக்கொள், படத்தை எடுத்துவிடச் சொல்கிறேன்" என்றார். அந்தப் பெண்மணி பணத்தைத் தொடவில்லை. "கேக் வாங்கினவங்க எல்லாருக்கும் எழுதுங்க மாமா. படத்தில் இருந்தது நம்ம கடைக் கேக் இல்லைன்னு எழுதுங்க. அது போதும்" என்றார். "எல்லாருக்குமா?" என்றார் முதலாளி. நாற்பத்து மூன்று பேர். அவர் முகம் வெளுத்துவிட்டது. இருபது ஆண்டுப் பழக்கமுள்ள வாடிக்கைக்காரர்கள். ஜும்ஆவில் தோளோடு தோள் நிற்பவர்கள். 200 வெள்ளி கொடுப்பது எளிது. நாற்பத்து மூன்று பேரிடம் "நான் உங்களுக்குப் பொய்யைக் காட்டிவிட்டேன்" என்பது எளிதன்று. பதில் சொல்லாமல் எழுந்து போனார்.

மறுமையில் திவாலாகிறவன் யாரென்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கிய நபிமொழியை அன்றிரவு நினைத்துக்கொண்டிருந்தேன். தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாம் வரவுப் பக்கத்தில் நிறைந்திருக்க வருவான். ஒருவரை ஏசியது, ஒருவர் பொருளைத் தின்றது என்று கடன்காரர்கள் வரிசையாய் நிற்பார்கள். அவன் நன்மைகளை எடுத்து எடுத்துக் கொடுத்தும் கடன் தீராமல், அவர்கள் பாவங்களை இவன் தலையில் சுமத்துவார்கள். வர்த்தகர்களுக்கென்றே சொன்னதுபோல இருக்கிறது அந்த ஐந்தொகை. முதலாளியின் கணக்கை மட்டும் எண்ணித் தூக்கம் கெடவில்லை. பிரியாணிச் சட்டியும் நினைவில் நின்றது.

மூன்றாம் நாள், தராவீஹ் முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருக்கையில் முதலாளி வந்து, கைத்தொலைபேசியை நீட்டினார். நாலே வரி. விளம்பரத்திலிருந்த படம் இன்னாருடையது. அவரைக் கேளாமல் எடுத்தோம். விற்ற கேக் அவர் சுட்டதன்று. பணம் திரும்ப வேண்டுவோர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நாற்பத்து மூன்று பேருக்கும் அனுப்பியாயிற்று. ஒன்பது பேர் பணம் கேட்டார்கள், கொடுத்தார். இருவர் கடுமையாகப் பேசினார்கள், கேட்டுக்கொண்டார். ஐவர் அந்தப் பெண்மணியின் எண்ணைக் கேட்டு வாங்கினார்கள்.

நாங்கள் பிரியாணிப் படத்துக்கு உரியவரைத் தேடினோம். மலேசியாவில் வீட்டிலிருந்து சமைத்துக் கொடுக்கும் ஒருவர். எழுதி மன்னிப்புக் கேட்டோம். தர்மத்துக்கென்றால் பரவாயில்லை என்று பதில் போட்டார். 2025-ஆம் ஆண்டுத் துண்டறிக்கைக்குக் கேக் லாப்பிஸ் படத்தை அந்தப் பெண்மணியிடமே கேட்டு, 80 வெள்ளி கொடுத்து வாங்கி, அவர் பெயரையும் அச்சிட்டோம். எழுத்து சற்றுச் சிறியதாகப் போய்விட்டது. அடுத்த முறை பெரிதாகப் போட வேண்டும்.

அதே ஆண்டு முதலாளியின் கடை விளம்பரத்திலும் கேக் படம் வந்தது. அக்காள் மகன் கடைக்குள்ளேயே எடுத்தது. வெளிச்சம் போதவில்லை, கேக்கின் ஓரம் ஒரு பக்கம் கருகியிருந்ததும் தெரிந்தது. வேறு துண்டை வைத்து எடுக்கலாமா என்று பையன் கேட்டானாம். "வேண்டாம், பெட்டிக்குப் பெட்டி ஓரம் அப்படித்தான் வருகிறது" என்றாராம் முதலாளி.